டீலர்ஷிப் சாஃப்ட்வேர்ல வண்டி ஸ்டாக் தேடுற ஏரியாவை எப்படி பிரிச்சு செட் பண்றது

புதுசா டிஎம்எஸ் (ஸ்டாக், புக்கிங், பில் எல்லாம் பாக்குற டீலர்ஷிப் சாஃப்ட்வேர்) போடும்போது வெண்டர் ஆளு வந்து மாஸ்டர்னு சொல்ற அடிப்படை விவரம் எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துட்டு, சர்ச் ஏரியா ஸ்க்ரீன் வரும்போது மட்டும் "இதுல எத்தன கிலோமீட்டர்னு நீங்களே போட்டுக்குங்க சார்"னு சொல்லிட்டுப் போயிருவாரு, நம்மாளுங்களும் 50ன்னு அடிச்சு சேவ் பண்ணிருவாங்க, அதோட சரி. அந்த ஸ்க்ரீனை அப்புறம் யாரும் திறக்கிறதே இல்ல. ஆனா ஷோரூம்ல எதிர்ல உக்காந்திருக்கிற கஸ்டமர்கிட்ட "வண்டி இருக்குங்க, வெள்ளிக்கிழமை எடுத்துக்கலாம்"னு சேல்ஸ் பையன் சொல்ற வார்த்தை அந்த ஒரு ஸ்க்ரீனை நம்பித்தான் வருது. அட்வான்ஸ் வாங்கி, லோனும் ஓகே ஆகி, நல்ல நேரம்லாம் பாத்து வச்சதுக்கப்புறம் "வண்டி வர இன்னும் நாலு நாள் ஆகும்"னு சொல்ற நிலைமை எந்த குடும்பத்துக்கும் வரக்கூடாது.

சர்ச் ஏரியான்னா, ஒரு கிளையில உக்காந்து ஒருத்தர் வண்டி தேடும்போது எந்தெந்த இடத்து ஸ்டாக்கை, எந்த வரிசையில சாஃப்ட்வேர் அவருக்கு காட்டணும்னு நாம முன்னாடியே சொல்லி வைக்கிறது. உங்க சாஃப்ட்வேர்ல இதுக்கு ஜோன், லொகேட்டர் க்ரூப்னு வேற பேர் இருக்கலாம், விஷயம் ஒண்ணுதான்.

கோயம்புத்தூரை வச்சே சொல்றேன், அப்பதான் புரியும். ஒரு க்ரூப்புக்கு கோவை அவினாசி ரோட்டுல மெயின் ஷோரூம், நீலாம்பூர் பக்கம் ஸ்டாக்யார்டு, அப்புறம் பொள்ளாச்சி, திருப்பூர், மேட்டுப்பாளையம், ஊட்டி, பாலக்காடுன்னு கிளைகள் இருக்குன்னு வச்சுக்குங்க. இப்ப கோவையை நடுவுல வச்சு 45 கிலோமீட்டர் வட்டம் போட்டா உள்ள யாரெல்லாம் வர்றாங்க பாருங்க. நேர்கோட்டுல மேட்டுப்பாளையம் 31 கிட்ட, பொள்ளாச்சி 40, பாலக்காடு 42, திருப்பூர் 43. சாஃப்ட்வேருக்கு பாலக்காடும் திருப்பூரும் ஒண்ணுதான், ஏன்னா அதுக்குத் தெரிஞ்சது தூரம் மட்டும். நமக்கு அப்படியா? திருப்பூர் வண்டியை டெலிவரி சலானும் (விற்பனை இல்லாம சரக்கை இடம் மாத்தறதுக்கான சீட்டு) இ-வே பில்லும் (சரக்கை ரோட்டுல கொண்டு போக ஜிஎஸ்டி ஆன்லைன்ல எடுக்கிற சீட்டு) போட்டு மத்தியானத்துக்குள்ள கொண்டு வந்துரலாம். பாலக்காடு வண்டி வாளையார் தாண்டி வேற மாநிலத்துல நிக்குது, அதுக்கு வரி இன்வாய்ஸே போடணும். ஒரே முதலாளியோட கிளைதானேன்னு நினைக்கலாம், ஆனா ஜிஎஸ்டி சட்டத்துல ஒரு பான் நம்பர்ல வேற வேற மாநிலத்துல பதிவு வாங்கியிருந்தா அவங்க தனித்தனி ஆளு, காசு கைமாறலன்னாலும் அது சப்ளைதான், ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கான ஜிஎஸ்டி) போட்டே ஆகணும். கட்டின வரி கிரெடிட்டா திரும்ப கிடைக்கும், அது வேற விஷயம், ஆனா அக்கவுண்ட்ஸ்ல பில் போட ஒரு ஆள், அந்தப் பக்கம் உள்ள வாங்க ஒரு ஆள், சிஸ்டத்துல ஸ்டாக் மாத்த ஒரு ஆள்னு அரை நாள் இல்ல ஒரு நாள் போயிரும்.

அதனால என்னோட கருத்து இதுதான்: ஏரியாவை தூரத்தை வச்சு பிரிக்காதீங்க, அந்த வண்டி கஸ்டமர் கைக்கு வர எத்தன நாள் ஆகும், என்ன பேப்பர் போடணும் இந்த ரெண்டை வச்சு பிரிங்க. கிலோமீட்டர் கடைசியா சரிபாக்கறதுக்கு மட்டும் போதும்.

சரி, வேலைக்கு வருவோம். சாஃப்ட்வேரைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு எக்ஸெல் ஷீட் எடுத்துக்கிட்டு, வண்டி நிக்கிற இடம் ஒவ்வொண்ணையும் தனி வரியா எழுதுங்க. ஷோரூம் ஒரு வரி, யார்டு ஒரு வரி, பிடிஐ (டெலிவரிக்கு முன்னாடி வண்டியை செக் பண்றது) பண்ற ஒர்க்ஷாப் ஒரு வரி. நிறைய பேர் இங்கதான் ஷோரூமையும் யார்டையும் ஒரே லொகேஷனா போட்டுடறாங்க. ஷோரூம்ல டிஸ்ப்ளேக்கு நிக்கிற வண்டியை வித்தா அந்த இடத்துக்கு இன்னொண்ணு வந்து நின்னாத்தான் அதைக் குடுப்பாங்க, யார்டு வண்டி அப்படி இல்ல, கேட் பாஸ் போட்டா கிளம்பிரும். ரெண்டும் வேற வேற லொகேஷன் கோடா இருந்தாத்தான் பின்னாடி ஏரியா பிரிக்கும்போது கை ஓடும்.

ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல முழு விலாசம், பின்கோடு, ஜிஎஸ்டி நம்பர், அப்புறம் அட்சரேகை தீர்க்கரேகை. ஜிஎஸ்டி நம்பரோட முதல் ரெண்டு எண் மாநிலத்தோட கோடு, தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32, புதுச்சேரிக்கு 34, கர்நாடகாவுக்கு 29. இந்த ரெண்டு எண்ணை தனி காலம்ல பிரிச்சு வச்சுட்டீங்கன்னா உங்க ஏரியாவோட முதல் எல்லைக்கோடு தானா விழுந்துருச்சு, 33 ஒரு பக்கம், 32 ஒரு பக்கம். புதுச்சேரி கிளை இருக்கிற க்ரூப்புங்க இதை கட்டாயம் கவனிங்க, கடலூர்லயிருந்து பக்கத்துலதான் இருக்குன்னு சேத்து போட்டுருவாங்க, ஆனா பேப்பர் கணக்குல அது பாலக்காடு மாதிரியேதான்.

அட்சரேகை தீர்க்கரேகை போடும்போது இடம் மாறாம பாத்துக்குங்க. கோவை 11.01 வடக்கு, 76.95 கிழக்கு. இதை மாத்திப் போட்டா அந்த இடம் வடதுருவத்துக்கிட்ட ஸ்வால்பார்டு தீவு பக்கம் கடல்ல போய் விழும், சாஃப்ட்வேர் எரர் ஒண்ணும் காட்டாது, அந்த கிளையோட ஸ்டாக் மட்டும் யாரு தேடினாலும் வராது. "எங்க வண்டியை யாருமே கேக்கறதில்ல"ன்னு ஒரு கிளை மேனேஜர் புலம்பினா முதல்ல இதைத்தான் பாக்கணும்.

பின்கோடை வச்சு ஏரியா பிரிக்கிற வசதியும் சில சாஃப்ட்வேர்ல இருக்கும், முதல் மூணு எண்ணைக் குடுத்தா அந்த பகுதி முழுக்க எடுத்துக்கும். பாக்க சுலபமா இருக்கும், ஆனா நம்ம பக்கம் அது சரியா உக்காராது. கோவை 641, மேட்டுப்பாளையம் 641301, திருப்பூர் 641601, எல்லாம் ஒரே 641தான். உடுமலைப்பேட்டை 2009லயிருந்து திருப்பூர் மாவட்டம், ஆனா பின்கோடு 642126, அதாவது பொள்ளாச்சியோட சேந்தது. வால்பாறையும் 642தான். அதனால பின்கோடு வேணும்னா கஸ்டமர் எங்க இருக்காருன்னு தெரிஞ்சுக்க வச்சுக்குங்க, ஸ்டாக் தேடறதுக்கு லொகேஷன் கோடுகளை ஒவ்வொண்ணா நீங்களே கையால சேக்கறதுதான் நல்லது. இருக்கிறது ஏழெட்டு இடம், அதை சேக்க எவ்வளவு நேரம் ஆகிரப் போகுது.

இப்ப அதே எக்ஸெல்ல இன்னொரு ஷீட் போட்டு, இடதுபக்கம் வண்டி நிக்கிற இடம், மேல வண்டி கேக்குற கிளை, நடுவுல எத்தன நாள்னு நிரப்புங்க. இதை ஆபீஸ்ல உக்காந்து நிரப்பாதீங்க, யார்டு இன்சார்ஜையும் வண்டி ஓட்டிட்டு வர்ற டிரைவர்களையும் கூப்பிட்டு கேளுங்க, அவங்களுக்குத்தான் தெரியும். மேட்டுப்பாளையத்துலயிருந்து ஊட்டிக்கு நேர்கோட்டுல 30 கிலோமீட்டர்கூட இல்ல, ரோட்டுல குன்னூர் வழியா 50 கிட்ட, அதுவும் மலைப்பாதை. ஏப்ரல் மே சீசன்ல குன்னூர் வழியா ஏறணும், கோத்தகிரி வழியா இறங்கணும்னு ஒருவழியா மாத்திடுவாங்க, அப்ப ஏற்றதுக்கு ஒரு கணக்கு, இறங்கறதுக்கு ஒரு கணக்கு. இதே மாதிரி பொள்ளாச்சியிலயிருந்து வால்பாறை நேர்கோட்டுல 40க்குள்ள, ரோட்டுல 64, அதுல ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. வால்பாறையில கிளை இல்லன்னாலும் எஸ்டேட் பக்கம் கஸ்டமர் இருப்பாங்க, வீட்டுக்கே டெலிவரி கேப்பாங்க, அதனால இதையும் ஒரு வரியா போட்டு வைங்க.

இந்த ஷீட்டை நிரப்பும்போதே ஒண்ணு தெரிய வரும், போற நாளும் வர்ற நாளும் எப்பவும் சமமா இருக்காது. கோவை யார்டுலயிருந்து பொள்ளாச்சிக்கு தினமும் ஒரு டிரைவர் போறாரு, அதனால அரை நாள். பொள்ளாச்சியிலயிருந்து கோவைக்கு வண்டி வேணும்னா இங்கயிருந்து ஆள் அனுப்பி எடுக்கணும், அதனால ஒரு நாள். ஆகவே ஏரியாவும் ஒருவழியாத்தான் இருக்கணும், பொள்ளாச்சிக்கு கோவை யார்டு முதல் வட்டத்துல (இங்க வட்டம்னா கிலோமீட்டர் இல்ல, எத்தன நாள்ல வரும்னு பிரிக்கிற பிரிவு) வரலாம், கோவைக்கு பொள்ளாச்சி ரெண்டாவது வட்டத்துல வரலாம். பல சாஃப்ட்வேர்ல "ரெண்டு பக்கமும் பொருந்தும்"னு ஒரு டிக் முன்கூட்டியே போட்டிருக்கும், அதை எடுத்து விட்டுருங்க.

அடுத்து வட்டங்களை கட்டணும். நாலு வட்டம் போதும்னு நான் நினைக்கிறேன், அதுக்கு மேல போட்டா சேல்ஸ் பசங்களுக்கு ஞாபகம் இருக்காது. முதல் வட்டம் "இன்னிக்கே": சொந்த கிளை, தினசரி வண்டி வர்ற யார்டு. ரெண்டாவது "நாளைக்கு": அதே ஜிஎஸ்டி நம்பர்ல இருக்கிற மத்த கிளைகள், சலானும் இ-வே பில்லும் போதும். மூணாவது "மூணு நாள்": நம்ம க்ரூப்பேதான் ஆனா வேற மாநில ஜிஎஸ்டி, அதோட ரோட்டுல வந்துக்கிட்டிருக்கிற கம்பெனி ட்ரெய்லர் வண்டிகள். நாலாவது "கேட்டுச் சொல்றோம்": வேற டீலர் ஸ்டாக். ஏரியாவுக்கு பேர் வைக்கும்போதும் இப்படியே வைங்க, "ஜோன் பி2"ன்னு வச்சா கஸ்டமர்கிட்ட என்ன சொல்றதுன்னு யாருக்கும் தெரியாது, "நாளைக்கு"ன்னு பேர் இருந்தா அதுவே பதிலா ஆயிரும்.

இ-வே பில்லைப் பத்தி ஒரு வார்த்தை, சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு வேலிடிட்டி கணக்கு, அதனால கோவையச் சுத்தி எல்லாம் ஒரு நாளுக்குள்ள அடங்கிரும், சென்னையிலயிருந்து எடுத்தா 500 கிலோமீட்டருக்கு மூணு நாள் வேலிடிட்டி வரும். ஓட்டிட்டு வந்தா ஓடோமீட்டர்ல அந்த 500ம் ஏறிரும், புது வண்டிக்கு காசு குடுக்குற எவரும் அதை ஏத்துக்க மாட்டாங்க, ஏத்துக்கவும் தேவையில்ல. அதனால லொகேஷன் ஜோடி ஒவ்வொண்ணுக்கும் "ஓட்டிட்டு வரலாம்" இல்ல "ஏத்திட்டுத்தான் வரணும்"னு ஒரு குறிப்பும், அதுக்கு ஆகுற செலவும் போட்டு வைங்க. சேல்ஸ் ஆள் டிஸ்கவுண்ட் பேசறதுக்கு முன்னாடி அந்த செலவு அவர் ஸ்க்ரீன்ல தெரியணும்.

வேற டீலர் ஸ்டாக்கை நாலாவது வட்டத்துல வைக்கச் சொன்னதுக்கு காரணம் இருக்கு. அவங்க ஸ்டாக் நமக்கு தெரியறது நேத்து ராத்திரி அப்டேட் ஆனதா இருக்கலாம், காலையில அவங்களே வித்திருப்பாங்க. பல கம்பெனியில டீலருக்கு டீலர் விக்கிற பகுதின்னு எல்லை பிரிச்சு குடுத்திருப்பாங்க, டீலருக்குள்ள வண்டி மாத்திக்கறதுக்கும் கம்பெனி சிஸ்டத்துல அனுமதி வாங்கணும். அதனால இந்த வட்டத்துல பாக்க மட்டும் உரிமை குடுங்க, வண்டியை ஒரு கஸ்டமர் பேர்ல பிடிச்சு வைக்கிற, அதாவது பிளாக் பண்ற பட்டன் இருக்கவே கூடாது.

பிளாக் பண்றதப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா எவ்வளவு அழகா ஏரியா பிரிச்சாலும் இங்கதான் எல்லாம் வீணாப் போகும். கிளை மேனேஜருங்களுக்கு அவங்க அவங்க டார்கெட் இருக்கு, நல்லா ஓடுற கலர் வண்டி வந்தா பக்கத்து கிளை எடுத்துக்குமேன்னு பயந்து சும்மா ஒரு பேரைப் போட்டு பிளாக் பண்ணி வச்சுக்குவாங்க. அவங்களைக் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, வண்டியை விட்டுக் குடுத்தா அவங்களுக்கு என்ன லாபம்? அதனால முதல்ல நிர்வாகத்துல உக்காந்து ரெண்டு விஷயத்தை முடிவு பண்ணுங்க. வண்டியை விட்டுக் குடுத்த கிளைக்கும் வித்த கிளைக்கும் அந்த சேல் எப்படி கணக்குல ஏறும், அந்த வண்டி யார்டுல நின்ன நாளுக்கு பேங்க் வட்டி எந்த கிளை தலையில. இது தெளிவாயிட்டா பாதி பிரச்சனை போயிரும். மீதிக்கு சாஃப்ட்வேர்ல ரூல் போடுங்க: புக்கிங் நம்பர் இல்லாம பிளாக் ஆகக் கூடாது, அட்வான்ஸ் ரசீது நம்பர் ஏறாத பிளாக் 24 மணி நேரத்துல தானா விடுபடணும், அதே வண்டியை அதே ஆள் திரும்ப திரும்ப பிளாக் பண்ண முடியாதபடி இருக்கணும்.

எந்த நிலையில இருக்கிற வண்டி எந்த வட்டத்துல தெரியணும்னும் சொல்லி வைக்கணும். யார்டுல ஃப்ரீயா இருக்கிறது எல்லா வட்டத்துலயும் தெரியட்டும். பிடிஐ முடியாதது சொந்த கிளைக்கு மட்டும் தெரியட்டும், தேதியோட. அடிபட்டு இன்சூரன்ஸ் கிளைம்ல நிக்கிறது, டெஸ்ட் டிரைவ் வண்டி, நாம பேங்க் கடன்ல எடுத்து இன்னும் பணம் கட்டாததால பேங்க் ரிலீஸ் பண்ணாதது இதெல்லாம் எந்த தேடல்லயும் வரவே கூடாது. பேங்க் ரிலீஸ் விஷயத்தை நிறைய பேர் விட்டுடறாங்க, வண்டி கண்ணு முன்னாடி நிக்கும், ஆனா பேப்பர் வராது, ஆர்டிஓல பதிவுக்கு அனுப்ப முடியாது.

தேடி வர்ற லிஸ்ட்டை எந்த வரிசையில காட்டணும்? வழக்கமா கிட்ட இருக்கிறது மேல வரும். நான் ஒரே வட்டத்துக்குள்ள பழைய வண்டி மேல வர்ற மாதிரி போடச் சொல்லுவேன். ஒரே "நாளைக்கு" வட்டத்துல திருப்பூர்ல 70 நாளா நிக்கிற வண்டியும் பொள்ளாச்சியில போன வாரம் வந்த வண்டியும் இருந்தா திருப்பூர் வண்டிதான் முதல்ல தெரியணும். ஆனா தயாரிச்ச மாசம் வருஷத்தை லிஸ்ட்லயே பெருசா காட்டுங்க, கஸ்டமர்கிட்ட மறைக்கக் கூடாது, டிசம்பர் வண்டியை ஜனவரியில குடுத்தா அவர் திரும்ப விக்கும்போது விலையில அடி வாங்கப் போறது அவருதான், அதுக்கேத்த விலையும் அவருக்குக் கிடைக்கணும். 2020 மார்ச் 31க்குள்ள பிஎஸ்4 (பழைய புகை விதிப்படி செஞ்ச) வண்டியை வித்து பதிவு பண்ணி முடிக்கணும்னு கெடு வந்தப்ப, எந்த கிளையில எத்தன பழைய வண்டி நிக்குதுன்னு ஒரே தேடல்ல எடுக்க முடிஞ்சவங்களுக்கு வேலை எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சேசிஸ் நம்பரை வச்சு தேடறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம், 17 எழுத்துல ஐ, ஓ, க்யூ இந்த மூணு ஆங்கில எழுத்தும் வரவே வராது, ஒண்ணு, பூஜ்யம் இந்த எண்களோட குழம்பக் கூடாதுன்னு விட்டுட்டாங்க. அதனால டைப் பண்ணும்போது ஓ அடிச்சா சாஃப்ட்வேர் தடுக்கற மாதிரி வைங்க. கலரையும் கம்பெனி கோடுலதான் தேடணும், "வெள்ளை"ன்னு தேடினா ரெண்டு மூணு விதமான வெள்ளை கலந்து வரும்.

பழைய கார் விக்கிற பிரிவு இருந்தா அதுக்கு இந்த வட்டங்களையே தூக்கிப் போட்டுராதீங்க. புது வண்டி ஒண்ணு இல்லன்னா அதே மாதிரி இன்னொண்ணு இருக்கும், பழைய காருல ஒவ்வொண்ணும் தனி. அதனால தமிழ்நாடு முழுக்க ஒரே வட்டமா விடலாம், மதுரையில நிக்கிற காரைப் பாக்க கோவையிலயிருந்து கிளம்பிப் போறவங்க இருக்காங்க. ஆனா கேரள பதிவு வண்டியை தனியா பிரிச்சே வைங்க, இங்க பேர் மாத்தணும்னா அந்த ஆர்டிஓல ஃபார்ம் 28ல என்ஓசி (ஆட்சேபணை இல்லன்னு சான்று) வாங்கணும், இங்க திரும்ப வரி கட்டி புது நம்பர் வாங்கணும், அந்த செலவும் நாளும் லிஸ்ட்லயே தெரியலன்னா விலை கம்மியா இருக்கேன்னு கஸ்டமர் ஏமாந்துருவாரு.

எல்லாம் போட்டு முடிச்சதும் டெஸ்ட் பண்ணாம விடாதீங்க. ஒவ்வொரு லொகேஷன்லயும் ஒரு சேசிஸ் நம்பரை எடுத்துக்குங்க, ஒவ்வொரு கிளை லாகின்லயும் போய் அதைத் தேடுங்க, எந்த வட்டத்துல வருதுன்னு அந்த நாள் ஷீட்டோட ஒத்துப் பாருங்க. அட்மின் லாகின்ல டெஸ்ட் பண்ணினா எல்லாமே தெரியும், ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, அதனால சேல்ஸ் ஆள் லாகின், டீம் லீடர் லாகின் ரெண்டுலயும் பாருங்க. ஒரே வண்டி ரெண்டு வட்டத்துல வந்துச்சுன்னா எங்கயோ ஒரு லொகேஷனை ரெண்டு ஏரியாவுல சேத்திருக்கீங்கன்னு அர்த்தம், ஸ்டாக் எண்ணிக்கையும் அதனால கூடிக் காட்டும்.

அப்புறம் இது ஒரு தடவை போட்டுட்டு விடுற வேலை இல்ல. ஆடி மாசம் டெலிவரி குறைவா இருக்கும், அப்ப உக்காந்து நாள் ஷீட்டை திரும்ப பாருங்க, ஆயுத பூஜைக்கு முன்னாடி ஒரு வாரம் எல்லா கிளையிலயும் டிரைவர் பஞ்சம் வந்துரும், "நாளைக்கு" வட்டம் நிஜத்துல ரெண்டு நாளா ஆயிரும், அந்த நாளுங்களுக்கு மட்டும் தேதி போட்டு தனி வட்டம் போட்டு வைங்க, விஜயதசமி முடிஞ்சதும் அதுவா பழையபடி மாறிக்கும். கிளை ஏதாவது மூடினா அந்த லொகேஷனை அழிச்சுராதீங்க, முடிவு தேதி மட்டும் போடுங்க, அழிச்சா அங்கயிருந்து மாத்தின பழைய வண்டிகளோட சலான், இ-வே பில் விவரம் எல்லாம் லொகேஷன் பேர் இல்லாம நிக்கும், ஜிஎஸ்டி ஆடிட்ல கேக்கும்போது ஒவ்வொண்ணா பேப்பரைத் தேட வேண்டி வரும்.